மூன்று எலக்ட்ரான்கள் விலகினால் பாய்கிறது மின்சாரம்

பாலக்கோட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “உலோகத்தில் எலக்ட்ரான்கள் கட்டின்றித் திரிவதால் மின்சாரம் பாய்கிறது. அணைவுச் சேர்மத்திலோ உலோக அயனியைச் சுற்றி, அதனோடு பிணையும் ஈனிகள் (மூலக்கூறுகள் அல்லது அயனிகள்) வேலி கட்டியிருக்கின்றன. அப்படியானால் எந்த அணைவுச் சேர்மமும் மின்சாரத்தைக் கடத்தாதா?”

பெரும்பாலானவை கடத்துவதில்லை. ஆனால், பொட்டாசியம் டெட்ராசயனிடோபிளாட்டினேட் என்ற உப்பில் ஈனிகளான நான்கு சயனைடுகளும் பிளாட்டினத்தைச் சுற்றி ஒரே தளத்தில் சதுரமாக அமர்வதால், மேலும் கீழும் வேலி இல்லை. படிகத்தில் இச்சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்க, ஒவ்வொரு பிளாட்டினத்தின் செங்குத்தான டி ஆர்பிட்டாலும் (எலக்ட்ரான் உலவும் பகுதி) அடுத்ததைத் தொட்டு, உச்சி முதல் அடி வரை ஒரே ஆற்றல் பட்டையாகிறது, அதாவது எலக்ட்ரான்களுக்கான பொதுப் பாதையாகிறது. அப்போதும் அது மின்காப்பான்தான், ஏனெனில் அந்தப் பட்டை நிரம்பி வழிகிறது. மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் முட்டி மோதி நிற்கும் லாரி வரிசையில், முன்னால் ஒரு லாரி விலகும் வரை எதுவும் நகராதல்லவா, அதே நிலைதான்.

நகர்வதற்கான அந்தக் காலி இடத்தைத் தருவது புரோமின். கரைசலில் உப்பின் ஒரு பகுதியைப் புரோமினால் ஆக்சிஜனேற்றிப் படிகமாக்கினால், பத்து பிளாட்டினத்துக்கு மூன்று எலக்ட்ரான்கள் வீதம் பட்டையிலிருந்து வெளியேறுகின்றன. புரோமைடு அடுக்குக்குள் நுழைவதில்லை. அடுக்குகளுக்கு இடையே ஒதுங்கிக்கொள்கிறது. என்னை இன்றும் வியக்கவைப்பது இதற்குப் பின் நடப்பது. வெளியேறிய எலக்ட்ரான்கள் பட்டையின் உச்சியில், பிளாட்டினங்களை ஒன்றையொன்று விலக்கும் எதிர்ப்பிணைப்பு நிலைகளில் இருந்தவை. அவை போனதும் பிளாட்டினங்கள் நெருங்குகின்றன: 3.48 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி 2.89 ஆகிறது. தூய பிளாட்டின உலோகத்திலேயே அது 2.77 தான். நெருங்க நெருங்க ஆர்பிட்டால்கள் மேலும் மேற்பொருந்த, எலக்ட்ரான்களின் ஓட்டம் இன்னும் எளிதாகிறது. படிகமும் செம்பு போல மினுங்கத் தொடங்குகிறது!

அடுக்கின் திசையில் ஓடும் மின்சாரம் குறுக்கே ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான் ஓடும். திசை பார்க்காமல் அளந்தவருக்கு இது மோசமான கடத்தியாகவே தெரிந்திருக்கும். செம்புக் கம்பிக்கு இது போட்டியில்லை, “எதற்குப் பயன்?” என்று கேட்டு நிதி தருபவர்கள் இதற்கு ஒரு ரூபாயும் தந்திருக்கமாட்டார்கள். ஆனால், ஒற்றைப் பரிமாண உலோகம் குளிர்ந்தால் கடத்தும் தன்மையை இழக்கும் என்று இயற்பியலாளர் ருடால்ஃப் பையர்ல்ஸ் தாளில் எழுதியதை ஆய்வகத்தில் காட்டியவற்றுள் இப்படிகமும் ஒன்று. சாதாரண உலோகம் குளிரக் குளிர நன்றாகக் கடத்தும். இதிலோ பிளாட்டின வரிசை சீர்குலைந்து, ஆங்காங்கே கூடியும் விலகியும் நிற்க, பட்டையில் எலக்ட்ரான்கள் எளிதில் தாண்ட முடியாத ஆற்றல் இடைவெளி திறந்து, படிகம் மறுபடியும் மின்காப்பானாகிவிடுகிறது.