‘ஐஎஸ்டி’ என்றால் இந்திய நேரம் மட்டும் அல்ல: வெளிநாட்டு நேர்காணலுக்குக் காத்திருப்போர் கவனத்திற்கு

கடந்த ஜூன் மாதத்தில், களியக்காவிளையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஒரு செவிலியர் தம் தந்தையுடன் என் அலுவலகத்திற்கு வந்திருந்தார். ஆங்கிலத் தேர்வில் மூன்றாவது முயற்சியில் வென்று, சான்றிதழ்களையெல்லாம் சரிபார்த்து முடித்து, அயர்லாந்திலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து இணையவழி நேர்காணலுக்கு அழைப்பும் பெற்றவர். வந்திருந்த மின்னஞ்சலில் தேதிக்கு அருகில் ‘10:00 ஐஎஸ்டி’ என்று நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அவர் அன்று காலை ஒன்பதரை மணிக்கே சீருடை அணிந்து மடிக்கணினியின் முன் அமர்ந்து, பன்னிரண்டு மணி வரை காத்திருந்து, ஒருவரும் வராததால் நேர்காணல் தள்ளிப்போய்விட்டது என்று முடிவுசெய்து, பிற்பகல் பணிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். நம் நேரப்படி இரண்டரை மணிக்குத்தான் அங்கே தேர்வுக்குழு கூடியது. விண்ணப்பதாரர் வரவில்லை என்ற குறிப்புடன் மாலையில் அடுத்த மின்னஞ்சல் வந்து சேர்ந்தது.

அந்த மின்னஞ்சலில் இருந்த ஐஎஸ்டி, இந்தியன் ஸ்டாண்டர்டு டைம் அல்ல, ஐரிஷ் ஸ்டாண்டர்டு டைம். அயர்லாந்தின் சட்டப்படி கோடைகால நேரம்தான் அந்நாட்டின் நிலையான நேரம். குளிர்காலத்தில்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். ஆகவே ஜூன் மாதத்தில் அங்கே காலை 10:00 என்றால், உலகப் பொது நேரமாகிய யூடிசியில் 09:00, நமக்குப் பிற்பகல் 2:30. இஸ்ரேலிலும் தங்கள் நிலையான நேரத்தை ஐஎஸ்டி என்றே சுருக்கி எழுதுகிறார்கள். இஸ்ரேலுக்குப் பராமரிப்புப் பணிக்குச் செல்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். பிஎஸ்டி (BST) என்பது பிரிட்டனின் கோடைகால நேரமாகவும் இருக்கலாம், வங்கதேச நேரமாகவும் இருக்கலாம். சிஎஸ்டி என்பது சீன நேரமாகவும் அமெரிக்காவின் நடுப்பகுதி நேரமாகவும் வழங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே 14 மணி நேர வேறுபாடு உண்டு. மூன்றெழுத்துச் சுருக்கத்தை மட்டும் நம்பி எவரும் எதையும் முடிவுசெய்யக் கூடாது.

மார்த்தாண்டத்தில் 18 ஆண்டுகளாகப் பயணச்சீட்டுப் பதிவும் வெளிநாட்டு வேலைக்கான ஆவணப் பணியும் செய்து வருகிறேன். நேரக் கணக்கில் தவறி வாய்ப்பை இழந்தவர்களில் இவர் இவ்வாண்டில் என்னிடம் வந்த நான்காவது ஆள். நான்கு பேரும் படித்தவர்கள். மருந்தின் அளவை மில்லிகிராம் பிசகாமல் கணக்கிடத் தெரிந்தவர்கள். ஆகவே இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிக்கொண்டிராமல் எழுதியே விடுவது என்று முடிவுசெய்தேன்.

அன்று அந்தத் தந்தை என்னிடம் கேட்டது இதுதான்: “வெளிநாட்டு நேரம்னா அஞ்சரை மணிக்கூர் கூட்டினா போதும்லா சாரே? அவ அதையும் கூட்டல்லியே!” மகள் கூட்டாமல் விட்டதுதான் தவறு என்பது அவருடைய எண்ணம். கூட்டியிருந்தால் பிற்பகல் 3:30 வந்திருக்கும். அதுவும் தவறு, ஒரு மணி நேரம் தாமதம். குழித்துறையிலிருந்து பாறசாலை வரை எவரைக் கேட்டாலும் இந்த ‘அஞ்சரை கூட்டு’ என்ற ஒற்றை விதியைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த விதிதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

ஐந்தரை மணி என்பது இந்திய நேரத்துக்கும் யூடிசிக்கும் இடையிலுள்ள தொலைவு. அது இந்தியாவுக்கும் லண்டனுக்கும் இடையிலுள்ள நிலையான தொலைவு அல்ல. கிரீன்விச் லண்டனில் இருக்கிறது, கிரீன்விச் நேரமும் யூடிசியும் நடைமுறையில் ஒன்று, ஆகவே லண்டன் நேரமும் யூடிசியும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் முதலிரண்டும் சரி. மூன்றாவதோ, ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு மட்டுமே சரி. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனின் கடிகாரங்கள் யூடிசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. ஜனவரியில் லண்டன் காலை 10:00 நமக்குப் பிற்பகல் 3:30. ஜூலையில் அதே 10:00 நமக்குப் பிற்பகல் 2:30. ‘கோடைகால நேரம்’ என்ற ஏற்பாடு நம்மூரில் இல்லாததால் நம்மவர்களுக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அது கைவிடப்பட்டது.

யூடிசி எந்த நாட்டின் நேரமும் அல்ல. உலகெங்கும் உள்ள ஆய்வகங்களின் அணுக் கடிகாரங்களைக் கொண்டு, பாரிஸ் நகரை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை, அளவைகள் அலுவலகம் அதைக் கணித்து வெளியிடுகிறது. நமது இந்திய நேரத்தைப் பேணும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் அவ்வாய்வகங்களுள் ஒன்று. யூடிசிக்குக் கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. பருவத்துக்கு ஏற்ப அது முன்னே பின்னே தள்ளப்படுவதில்லை. ஊர் நேரங்கள்தாம் அதிலிருந்து விலகியும் நெருங்கியும் நிற்கின்றன. நம் ஐந்தரை மணிக்கணக்கும் வானிலிருந்து இறங்கி வந்ததன்று. 1906க்கு முன் இந்திய ரயில்கள் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னாலிருந்த மதராஸ் நேரப்படி ஓடின. அவ்வாண்டு ஜனவரி முதல் நாளில் கிழக்கு 82.5 பாகைக் கோட்டை அடிப்படையாகக் கொண்டபோதுதான், ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் 330 நிமிடங்கள், அதாவது ஐந்தரை மணி நேரம் என்றாயிற்று.

எனவே எந்த ஊர் நேரத்தையும் நேராக நம் நேரத்துக்கு மாற்ற முயலாதீர்கள். முதலில் அவர்கள் ஊர் நேரத்தை யூடிசிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு யூடிசியுடன் ஐந்தரை மணியைக் கூட்டுங்கள். ஜெர்மனியில் ஜூலை மாதம் பிற்பகல் 13:00 என்றால், கோடையில் அவர்கள் யூடிசிக்கு 2 மணி முன்னே இருப்பதால், யூடிசி 11:00, நமக்கு மாலை 4:30. நியூயார்க் ஜனவரியில் யூடிசிக்கு 5 மணி பின்னே இருப்பதால் அங்கே காலை 9:00 என்பது யூடிசி 14:00, நமக்கு இரவு 7:30. துபாய், மஸ்கட் ஆண்டு முழுவதும் யூடிசிக்கு 4 மணி முன்னேயும், ரியாத், தோஹா, குவைத் 3 மணி முன்னேயும் இருப்பதால், வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே நேர்வதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஐரோப்பாவையும் அப்படியே எண்ணிவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ். சிட்னியில் அக்டோபரில் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், பிரிஸ்பேனில் தள்ளவே மாட்டார்கள்.

நம் நேரத்தை யூடிசிக்கு மாற்ற ஐந்தரை மணியைக் கழித்துப் பார்ப்பவர்கள் கால்குலேட்டரைத் தொட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 9.15இலிருந்து 5.30ஐக் கழித்து 3.85 என்று எழுதிக்கொண்டு, அதை நான்கு மணி 25 நிமிடம் என்று திருத்திக்கொண்டு வந்த ஒரு பொறியியல் பட்டதாரியை நான் பார்த்திருக்கிறேன். மணிக்கு அறுபது நிமிடம்; சரியான விடை 3:45.

அடுத்தது தேதி. யூடிசியில் 18:30 ஆகும்போது நமக்கு நள்ளிரவு. அதற்குப் பிறகு அங்கே எழுதியிருக்கும் தேதிக்கு அடுத்த நாள் நமக்கு. விண்ணப்பத்தின் கடைசி நேரம் 30ஆம் தேதி 23:59 யூடிசி என்றிருந்தால், நமக்கு 31ஆம் தேதி காலை 5:29 வரை அவகாசம் உண்டு. மாறாக, கடைசி நேரம் 30ஆம் தேதி 00:00 யூடிசி என்றிருந்தால், அது நமக்கு 30ஆம் தேதி அதிகாலை 5:30. அன்று மாலை வந்து உட்காருவதில் பயனில்லை. மணியை மட்டும் மாற்றிவிட்டுத் தேதியை மாற்றாமல் விடுபவர்களே மிகுதி.

பயணச்சீட்டில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்கள் அந்தந்த விமான நிலையத்தின் ஊர் நேரங்கள். அங்கே எதையும் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை. திருவனந்தபுரத்தில் அதிகாலை 4:25க்குப் புறப்பட்டுத் துபாயில் 7:10க்குச் சேரும் என்றிருந்தால், பயணம் இரண்டே முக்கால் மணி அல்ல, நான்கேகால் மணி. 15ஆம் தேதி 00:40க்கு விமானம் என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குடும்பமே வேன் பிடித்து 15ஆம் தேதி இரவு போய் நின்ற காட்சியை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்துவிட்டேன். அப்போது அந்தக் குடும்பத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தால் நமக்குக் கோபம் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலைத் தானே திறந்து பார்க்காமல், சிங்கப்பூரிலிருக்கும் அண்ணன் தன் கைப்பேசியில் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நம்பி உட்காருகிறார்கள். நாட்காட்டி அழைப்பு, பார்ப்பவரின் கைப்பேசி எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறதோ அந்த நேரத்தையே காட்டும். அண்ணனின் படத்தில் மாலை 5:00 என்றிருப்பது நமக்குப் பிற்பகல் 2:30. அழைப்பை உங்கள் கைப்பேசியிலேயே, நேரம் தானாக அமையும்படி வைத்துத் திறந்து பாருங்கள். கடிகாரத்தைக் கையால் ஐந்து நிமிடம் கூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஐயம் இருந்தால் அழைப்பு அனுப்பியவருக்கே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: நீங்கள் குறித்த நேரத்தை யூடிசியில் சொல்ல இயலுமா? அப்படிக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் அவ்வாறு கேட்டதற்காக எவரையும் நிராகரித்ததை நான் பார்த்ததில்லை. பதில் எழுதும்போதே, தாங்கள் குறித்தது தெளிவாக இல்லை என்று வருந்தியவர்களே அதிகம். பதில் கிடைத்ததும் தேதி, யூடிசி நேரம், இந்திய நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள்.

ஐரோப்பாவில் 2026 அக்டோபர் 25 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகிறது; அமெரிக்காவிலோ நவம்பர் 1 அன்றுதான். இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் நேர்காணல் உள்ளவர்கள், செப்டம்பரில் கணக்கிட்டு எழுதி வைத்த தாளைக் கிழித்துவிட்டு மின்னஞ்சலை மறுபடி திறந்து முதலிலிருந்து கணக்கிடுங்கள். கணக்கிடத் தயக்கமாக இருந்தால் என் அலுவலகத்திற்கு வாருங்கள். இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.