காலை எடுத்த பிறகும் விடாத பிரேக்

சேற்றையும் ஓடையையும் கடந்து வந்த ஜீப் சமதளத்தில்கூட உருள மறுக்கிறது. ஒரு சக்கரத்தின் பக்கம் கருகல் வாடை வேறு. பிரேக்கை விட்டாகிவிட்டது, ஆனால் பிரேக்தான் சக்கரத்தை விடவில்லை.

லேசான உரசல்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு சக்கரத்தை 60 நியூட்டன், அதாவது சுமார் ஆறு கிலோ எடையளவு விசை பிடித்து இழுத்தால் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே 1,000 வாட் வெப்பம் பிறக்கும். முழுச் சூட்டில் இருக்கும் இஸ்திரிப்பெட்டி ஒன்றை, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கில் ஓயாமல் அழுத்திப் பிடித்த மாதிரி.

டிஸ்க்கின் மீது பேட் எனும் உரசும் கட்டைகளை அழுத்துவது காலிப்பர். ஆயில் அழுத்தத்தில் நகர்ந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டன் அதற்குள் இருக்கிறது. அதைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இருக்காது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து வளைகிறது. காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்னுக்கு நகர்த்துகிறது. இவ்வளவு மெல்லிய இழுப்பைத் தோற்கடிக்கக் கொஞ்சம் துரு போதும். கிழிந்த ரப்பர் உறை வழியாகச் சேறு புகுந்து, காலிப்பர் நகரும் பின்களில் கிரீஸ் காய்ந்துபோனாலும் அதே கதிதான்.

கண்டுபிடிக்க, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் டிஸ்க்குகளைப் பாருங்கள். கையால் தொட வேண்டாம். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது வழக்கம். இடதை வலதோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் கோளாறு அந்தச் சக்கரத்தருகே. எல்லாமே கொதித்தால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும்.

அடுத்த சோதனையை பிரேக் பிடித்திருக்கும்போதே செய்ய வேண்டும், ஆறிவிட்டால் தடயம் போய்விடும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் பிளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சிறு திருகை, கொஞ்சம் தளர்த்துங்கள். சூடான ஆயில் பீச்சலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் பீச்சியடித்து சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் மாட்டியிருந்தது. மாற்றமே இல்லையென்றால் சிக்கியிருப்பது பிஸ்டனோ, பின்னோ, ஹேண்ட் பிரேக் கேபிளோதான். இதைப் பார்க்காமல் புதுப் பேட் போடுவது வீண் செலவு.

அழுத்தம் மாட்டியதென்றால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும்போது முதல் சந்தேகம், காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸ் மீது. வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்சுவர் உப்பியோ பிய்ந்தோ இருக்கும். காலால் மிதிக்கும் பெரிய அழுத்தம் அதைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வரத்தான் வழியிருக்காது.

எல்லாச் சக்கரமும் பிடித்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியே மேல் டப்பாவுக்குத் திரும்பும். பெடல் மிதியை மாஸ்டர் சிலிண்டருக்குக் கடத்தும் தள்ளுதண்டு நீளமாக வைக்கப்பட்டாலோ பெடலில் தளர்வே இல்லாமல் போனாலோ துளை மூடியபடியே இருக்கும். விரிந்த ஆயில் பேட்டை அழுத்தும், அதனால் சூடு கூடும், ஆயில் இன்னும் விரியும். மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியதும் சக்கரங்கள் விடுபட்டால், குற்றவாளி தள்ளுதண்டோ பெடலோதான்.

சரிசெய்த பிறகு பழைய ஆயிலை விட்டுவைக்காதீர்கள். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். கொதித்து ஆவியான ஆயில் அழுத்தத்தைக் கடத்தாது. அப்போது சற்றுமுன் விடாமல் பிடித்த அதே பிரேக், பெடல் தரைவரை போயும் பிடிக்காது.