டெட்ராய்ட் நில வங்கி: ஆளில்லா மனைகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வரும் முறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டெட்ராய்ட் நகரில் 1950ஆம் ஆண்டு ஏறத்தாழ 18.5 லட்சம் பேர் வசித்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 6.4 லட்சம் பேர்தான். வாகனத் தொழிற்சாலைகள் இடம் மாறியதாலும், வசதி உள்ளவர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்ததாலும், 2008ஐ ஒட்டிய வீட்டுக்கடன் நெருக்கடியாலும் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றை ஏற்று நடத்த, மாநிலச் சட்டத்தின் கீழ் 2008இல் அமைக்கப்பட்ட பொது அமைப்பே டெட்ராய்ட் நில வங்கி ஆணையம்.

இந்த அமைப்பிடம் பெரும்பாலான சொத்துகள் வந்து சேர்வதற்குக் காரணம் வரி நிலுவை. முன்பு நிலுவையை வசூலிக்கும் உரிமையையே தனியாருக்கு ஏலம் விட்டுவந்தனர். அதனால் ஒரு மனை யாருக்குச் சொந்தம் என்பது பல ஆண்டுகள் தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. 1999ஆம் ஆண்டின் 123ஆம் சட்டம் இதை மாற்றியது. எடுத்துக்காட்டாக, 2020ஆம் ஆண்டுக்கான வரியைக் கட்டாதவர் மீது 2021 மார்ச்சில் நிலுவை பதிவாகும். 2022 மார்ச்சில் சொத்து மாவட்டக் கருவூல அலுவலரின் பிடிக்குள் போகும். 2023 மார்ச் 31க்குள்ளும் கட்டாவிட்டால், நீதிமன்றத் தீர்ப்பின்படி உரிமை முழுவதும் பறிபோகும்.

ஆனால் சொத்து அரசின் கைக்கு வந்துவிட்டது என்பதாலேயே அதை வாங்க ஆள் வந்துவிடுவதில்லை. பழைய அடமானம், தகவல் போய்ச் சேராத வாரிசு, யாரோ தொடுத்த வழக்கு என்று ஏதேனும் ஒரு வில்லங்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த வங்கியும் அதன் மீது கடன் தராது. 2003ஆம் ஆண்டின் 258ஆம் சட்டம் நில வங்கிகளுக்கு அளித்த அதிகாரங்களில் மிக முக்கியமானதாக நான் கருதுவது, பல மனைகளை ஒரே மனுவில் சேர்த்து நீதிமன்றத்தில் வில்லங்கம் நீக்கிக்கொள்ளும் விரைவு நடைமுறையைத்தான். அதோடு, நில வங்கியிடம் இருக்கும்வரை சொத்துக்கு வரி கிடையாது. விற்ற பின் ஐந்து ஆண்டுகளுக்கு, வாங்கியவர் செலுத்தும் வரியில் பாதி நில வங்கிக்கே வந்து அதன் செலவுக்கு உதவுகிறது.

குடியிருப்போருக்கு நேரடியாகப் பயன்படுவது பக்கத்து மனைத் திட்டம். தம் வீட்டை ஒட்டிக் கிடக்கும் காலி மனையை, வரி பாக்கியில்லாத வீட்டு உரிமையாளர் 100 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். பல ஆண்டுகளாகத் தாமே புல் வெட்டிக் குப்பை அள்ளிவந்த இடம் பத்திரத்தோடு கைக்கு வருவது அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். வீடுகள் 1,000 டாலரில் தொடங்கும் ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஏலம் எடுத்தவர் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் வீட்டைச் செப்பனிட்டுக் குடியேற்ற வேண்டும். தவறினால் நில வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்கிப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களைத் தடுக்க இந்த நிபந்தனை அவசியம் என்றே சொல்வேன்.

இத்தனைக்கும் அடிப்படை வரி நிலுவை என்பதால், குடியிருக்கும் ஏழைகள் வீட்டை இழந்துவிடக் கூடாது என்ற கவனம் இதில் கட்டாயம் வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் தாம் வசிக்கும் வீட்டின் வரியில் முழு விலக்கோ பகுதி விலக்கோ கேட்டு விண்ணப்பிக்க மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. ஓக்லாண்ட் மாவட்டத்தில் ஒரு சொத்தின் வரியில் 8.41 டாலர் குறைந்ததற்காக அதைக் கையகப்படுத்தி 24,500 டாலருக்கு விற்றுவிட்டு, மீதித் தொகையை மாவட்ட நிர்வாகமே வைத்துக்கொண்டது. மீதியை அப்படி வைத்துக்கொண்டது செல்லாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. வேறொரு மாநிலத்தின் வழக்கில் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே நெறியை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது. 2020 தீர்ப்புக்குப் பின் திருத்தப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி, சொத்து ஏலத்தில் விற்று மிஞ்சும் தொகையைப் பெற விரும்பும் முன்னாள் உரிமையாளர், உரிமை பறிபோன அதே ஆண்டின் ஜூலை 1க்குள் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். விற்பனை முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்.