திரும்பத் திரும்ப வரும் கறை: கார்ட்ரிட்ஜை மாற்றும் முன் ஸ்கேலை எடுங்கள்

அலுவலக லேசர் பிரின்டரில் கரும்புள்ளியோ கோடோ விழத் தொடங்கியதும் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை, புதிய கார்ட்ரிட்ஜ் (மைப்பொடிப் பெட்டி) வாங்கி மாட்டுவது. சில சமயம் கறை போய்விடும். போகாவிட்டால் கருவிக்கே வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி அதையும் ஓரங்கட்டிவிடுகிறார்கள். பிரின்டர் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது. நல்ல கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போகிறது. கோளாறு செய்த பாகமோ உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதற்கான சாட்சி, கறை விழுந்த அந்தத் தாளிலேயே இருக்கிறது.

லேசர் பிரின்டருக்குள் தாள் போகும் வழியெல்லாம் உருளைகள்தான். அச்சின் உருவம் முதலில் உருவாகும் டிரம், அதற்கு மின்னேற்றம் தரும் சார்ஜ் ரோலர், டோனர் என்ற மைப்பொடியைக் கொண்டுவந்து சேர்க்கும் டெவலப்பர் ரோலர், டோனரைத் தாளுக்கு இழுக்கும் டிரான்ஸ்ஃபர் ரோலர், கடைசியில் சூட்டாலும் அழுத்தத்தாலும் அதை உருக்கிப் பதிக்கும் ஃப்யூசர். இவற்றில் ஏதேனும் ஒன்றில் சிறு வடு இருந்தால், சக்கரத்தில் ஒட்டிய சேறு சுற்றுக்கு ஒரு முறை தரையில் தடம் பதிப்பதைப் போல, அந்த உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தாளில் ஒரு கறை விழும். ஆகவே இரண்டு கறைகளுக்கு இடையிலான தூரம் பெரும்பாலும் அந்த உருளையின் சுற்றளவு. விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் கிடைப்பதும் அதுவே.

அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு கறையின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த கறையின் மேல் விளிம்பு வரை, தாள் நகரும் திசையில், மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஒரு தாளை நம்பாமல், ஒரே பக்கத்தை நான்கைந்து முறை அச்சிட்டுப் பாருங்கள். எல்லாத் தாளிலும் அதே இடைவெளி வந்தால்தான் அது உருளையின் வேலை.

30 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் இடைவெளி சுமார் 94 மி.மீ. 297 மி.மீ. நீளமுள்ள ஏ4 தாளில் அந்தக் கறை மூன்று முறையாவது விழும். சிறிய பிரின்டர்களில் 24 மி.மீ. டிரம் சாதாரணம், அதற்கு இடைவெளி சுமார் 75 மி.மீ. சார்ஜ் ரோலர் மெல்லியது; 12 மி.மீ. விட்டமென்றால் 38 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கறை திரும்பும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 38-இன் இரண்டு மடங்கு ஏறத்தாழ 75. சார்ஜ் ரோலரின் கறை மங்கலாக இருந்து ஒன்றுவிட்டு ஒன்று மட்டும் கண்ணில் பட்டால், டிரம்தான் கெட்டது என்று தோன்றிவிடும். எனவே இடைப்பட்ட இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மாடலுக்கு மாடல் அளவு மாறும். பல மாடல்களின் சர்வீஸ் கையேட்டில் எந்த இடைவெளிக்கு எந்தப் பாகம் என்ற அட்டவணையே இருக்கிறது. அதை அச்சிட்டுக் கருவியின் பக்கவாட்டில் ஒட்டிவைக்கும்படி நான் செல்லும் இடங்களிலெல்லாம் சொல்கிறேன்.

திரும்பாமல் மேலிருந்து கீழாக நீளும் கோடு வேறு கதை. கறுப்புக் கோடா, வெள்ளைக் கோடா என்பதை முதலில் கவனியுங்கள். இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்க் காரணங்களால் வருபவை. இன்றைய பெரும்பாலான பிரின்டர்களில் டிரம்மின் மேற்பரப்பு முழுவதும் சீராக மின்னேற்றம் பெறுகிறது. லேசர் பட்ட இடத்தில் மட்டும் அது குறைந்துபோகிறது. குறைந்த இடத்தில் டோனர் ஒட்டுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகள் விளங்கிவிடும். டிரம்மில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மின்னேற்றம் தங்காது, லேசர் படாமலே டோனர் வந்து ஒட்டும், கறுப்புக் கோடு. சார்ஜ் ரோலரில் அழுக்குப் படிந்தாலும், டிரம்மைத் துடைக்கும் பிளேடு ஓரிடத்தில் தேய்ந்தாலும் இதே விளைவுதான். மாறாக, லேசர் வெளிவரும் கண்ணாடியில் தூசி படிந்து ஒளியை மறைத்தால் அந்த வரிசையில் மின்னேற்றம் குறையாது, டோனர் ஒட்டாது, வெள்ளைக் கோடு. இதற்கு எத்தனை கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும் பயனில்லை. அந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். வெள்ளைப் பட்டை அகலமாகவும் ஓரம் மங்கலாகவும் இருந்தால் டோனர் தீர்ந்துகொண்டிருக்கலாம். கார்ட்ரிட்ஜை எடுத்துக் கிடைமட்டமாக மெல்ல ஆட்டிவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். பட்டை மறைந்தால் காரணம் அதுவே.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: கோடு கணினியிலிருந்து அச்சிடும்போது வருகிறதா, நகல் எடுக்கும்போது மட்டும் வருகிறதா? நகலில் மட்டும் வந்தால் பிரின்டர் பகுதியில் குற்றமே இல்லை. மேலே தாள்களை அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கும் வசதி இருக்கிறதல்லவா, அதன் வழியில், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை இருக்கும். தாள் அதன் மேல் நகர்ந்து போகும். ஸ்கேனரின் கண் ஓரிடத்திலேயே நிற்கும். காயாத வெள்ளைத் திருத்த மையோ பசையோ கடுகளவு அங்கே ஒட்டினால் போதும், தாளின் நீளம் முழுக்கக் கோடாகத் தெரியும். சற்று ஈரமான, நூலிழை உதிராத துணியால் துடைத்தால் தீர்ந்தது. இதற்காக டிரம்மையும் டோனரையும் மாற்றிய அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தரவில்லை.

கறை கார்ட்ரிட்ஜிலா, அதற்குப் பின்னாலா என்று பிரித்தறிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தாள் பாதி வழியில் இருக்கும்போது முன்கதவைத் திறந்து நிறுத்துங்கள். ஃப்யூசருக்குள் நுழையாத பகுதியைக் கவனமாக வெளியே எடுத்துப் பாருங்கள். டோனர் இன்னும் பொடியாகவே இருக்கும், தொட்டால் அழியும். அங்கேயே கறை இருந்தால் ஃப்யூசர் நிரபராதி. அங்கே சுத்தமாக இருந்து, வெளியே வந்த தாளில் மட்டும் கறை இருந்தால் ஃப்யூசரைத்தான் கேட்க வேண்டும். ஒரு சொல்லோ படமோ சற்றுக் கீழே நிழலாக மறுபடி விழுவதற்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

ஃப்யூசர் கெடுவதற்குக் கருவியைவிடப் பயன்படுத்துபவர்களே அதிகம் காரணம் என்பது என் கருத்து. பாதி உரித்த ஸ்டிக்கர் தாளை மறுபடி தட்டில் வைப்பது, ஸ்டேப்ளர் ஊசியை எடுக்காமல் பின்பக்கத்தில் அச்சிடுவது, இங்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் தாளை இதில் போடுவது. ஃப்யூசரின் சூடு ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். பசையும் பிளாஸ்டிக்கும் அங்கே உருகி ஒட்டிக்கொண்டால் அடுத்தடுத்து வரும் தாள்களிலெல்லாம் தடம் தெரியும். எழுத்து விரலோடு வந்துவிடுகிறதா? ஃப்யூசரைக் குறை சொல்லும் முன் தாளின் வகை அமைப்பைப் பாருங்கள். தடித்த தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்று குறித்திருந்தால் அதற்கு வேண்டிய சூடு கிடைக்காது.

தாளின் ஈரத்தையும் மறக்க வேண்டாம். உறை பிரித்த தாள்கட்டு நாள் கணக்கில் திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தாளுக்கு டோனர் சரியாக மாறாது. அச்சுத் திட்டுத்திட்டாக வெளிறும், தாள் சுருளும், சிக்கும். புதிய கட்டிலிருந்து பத்துத் தாள் போட்டுப் பாருங்கள். அச்சுத் திருந்திவிட்டால் கருவியைத் தொடவே தேவையில்லை. மீதித் தாளை உறையிலேயே சுற்றி வையுங்கள். அந்த உறை ஈரத்தைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டது.

ரீஃபில் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் அதற்கு எதிரியல்ல. ஒழுங்காகச் செய்தால் பொருளும் மிஞ்சும், குப்பையும் குறையும். ஆனால் கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு டோனரை மட்டும் கொட்டி அடைப்பதை ரீஃபில் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிரம்மிலிருந்து வழித்தெடுத்த கழிவு டோனருக்கென்று பல கார்ட்ரிட்ஜ்களில் ஒரு அறை உண்டு. அதைக் காலி செய்யாவிட்டால் நிரம்பி வழிந்து தாளிலும் கருவிக்குள்ளும் கொட்டும். தேய்ந்த டிரம்மும் பிளேடும் அப்படியே இருந்தால் பக்கமெங்கும் சாம்பல் நிறம் படரும். வேறு மாடலுக்கான டோனரின் உருகுநிலை வேறாக இருக்கலாம். அது ஃப்யூசரில் ஒட்டும். கழிவைக் கொட்டினீர்களா, டிரம்மையும் பிளேடையும் பார்த்தீர்களா என்று ரீஃபில் செய்பவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நீங்களே திறந்து பார்ப்பதானால், மின்சாரத்தைத் துண்டித்து ஃப்யூசர் ஆறும்வரை காத்திருங்கள். டிரம்மை விரலால் தொடாதீர்கள், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், வெளிச்சத்தில் விட்டுவைக்காதீர்கள். அது ஒளியை உணரும் பொருள், எடுத்தவுடன் கறுப்புத் துணியால் மூட வேண்டும். டிரான்ஸ்ஃபர் ரோலரின் பஞ்சுப் பகுதியிலும் கை படக்கூடாது. தோலின் எண்ணெய் அங்கே கறையாகிவிடும். சிந்திய டோனரை வீட்டு வேக்குவம் கிளீனரால் இழுக்க வேண்டாம். அதன் வடிகட்டி இவ்வளவு நுண்ணிய பொடியைப் பிடிக்காது. பொடி மறுபக்கமாக வெளியேறி அறையெங்கும் பரவும். துணியில் பட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் அதை இழையோடு ஒட்டவைத்துவிடும்.

வண்ணப் பிரின்டரில் கறையின் நிறமே வழிகாட்டி. நீலம் மட்டும் கறைபட்டால் நீலத்தின் டிரம்மையும் டெவலப்பரையும் பாருங்கள். எல்லா நிறத்திலும் ஒரே இடத்தில் பிசகினால், நான்கு நிறங்களுக்கும் பொதுவான, டோனரைத் தாளுக்குக் கடத்த உதவும் டிரான்ஸ்ஃபர் பெல்ட்டோ ஃப்யூசரோ காரணமாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டியிருந்தால், கறைபட்ட தாளைக் கசக்கி எறியாதீர்கள். அதன் மேல் தேதி, எந்தத் தட்டிலிருந்து எடுத்த தாள், அச்சா நகலா, கறைகளின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, தாள் வெளிவந்த திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். தொலைபேசியில் அழைக்கும்போதே அந்த எண்ணைச் சொல்லிவிட்டால், எங்களைப் போன்றவர்கள் வரும்போதே உரிய உதிரிப்பாகத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுவோம்.