கேம்பர்வேன் டேங்கி நாறுகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை முடியும் வாரத்தில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, வேனுக்குள்ள நாத்தம் தாங்கல. நல்ல ஸ்டிராங் மருந்தா ஒன்னு குடுங்க." மருந்து என்னிடம் இருக்கிறது, விற்கவும் செய்கிறேன். ஆனால் வருகிற வேன்களில் பாதிக்கு மேல் அது தேவையே படாது. டேங்கிக்குள் போதுமான தண்ணீர் போயிருக்காது, இல்லையென்றால் வால்வைத் திறந்தே வைத்திருப்பார்கள்.

பெஸ்தாரி ஜெயாவில் வீட்டுக் கழிவுத்தொட்டியும் குழாயும்தான் என் தொழில். பழைய தோட்டத்து ஆட்களுக்கு இந்த ஊர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிற வண்டிகளில் பல எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. தோட்டத்தில் பிறந்து, கோலாலம்பூரில் வேலை பார்த்து, இப்போது பென்ஷன் வாங்கும் நம் ஆட்களும் பழைய ஹையஸ், ஊர்வான் வேன்களை வாங்கிப் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக்கொள்கிறார்கள். சமையல் மேடைக்கும் படுக்கைக்கும் காட்டுகிற அக்கறையை டேங்கிக்கு யாரும் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சாமான்தானே!

வண்டியில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இன்னொன்று பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேரும் சாம்பல் தொட்டி. மூன்றாவது கக்கூஸ் தொட்டி, கருப்புத் தொட்டி என்பார்கள். சின்ன வேன்களில் மூன்றாவதற்குப் பதில் கையால் தூக்கிச் செல்லும் பெட்டி இருக்கும். அது ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும்.

கருப்புத் தொட்டியில் நடப்பதைச் சொல்கிறேன். கேம்ப் இடத்தில் வடிகுழாய் இணைப்பு கிடைத்துவிட்டால், ஹோஸை மாட்டி வால்வைத் திறந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வீட்டில் அப்படித்தானே, போவது போய்க்கொண்டே இருக்கட்டும் என்ற எண்ணம். ஆனால் வீட்டுக் குழாய்க்குச் சரிவு உண்டு. வேன் டேங்கியின் அடிப்பாகம் ஏறக்குறைய சமதளம். திறந்த வால்வு வழியே நீர் மட்டும் ஓடிவிடும். கெட்டியானது கக்கூஸ் துளைக்கு நேர் கீழே விழுந்த இடத்திலேயே குவியும். நம் ஊர் வெயிலில் வண்டியின் அடிப்பக்கம் சூடேற, இரண்டே நாளில் அது காய்ந்து களிமண் புற்றாகிவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தை ஊற்றினாலும் மேல்தோல் மட்டும்தான் நனையும்.

ஆகவே வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு திறங்கள். அத்தனை நீரும் ஒரே வேகத்தில் பாய்ந்தால்தான் அடியில் கிடப்பதை இழுத்துக்கொண்டு போகும். காலி செய்து முடித்ததும் வால்வை மூடி, அடிப்பாகம் முழுவதும் மூழ்கும் அளவுக்குச் சுத்தமான தண்ணீரை உடனே ஊற்றிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் நான் விற்கும் பாட்டில்கள் அலமாரியிலேயே தூங்கும்.

புற்று ஏற்கனவே கட்டிவிட்டதா? தொட்டியை முக்கால்வாசி தண்ணீரால் நிரப்பி ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். குலுங்கக் குலுங்கக் கரையும். பிறகு திறந்துவிடுங்கள். ஒரே தடவையில் போகாது, திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். கக்கூஸில் ஐஸ் கட்டி கொட்டி ஓட்டினால் உரசிச் சுத்தமாகும் என்று சிலர் சொல்வார்கள். நம் வெயிலில் வண்டி தாமான் (குடியிருப்பு) வாசலைத் தாண்டும்போதே ஐஸ் தண்ணீராகியிருக்கும். நல்லதுதான், அந்தத் தண்ணீர்தான் வேலை செய்கிறது!

இந்த வண்டிகளோடு வரும் கையேடுகள் குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் குழாய் உறையாமல் காப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு அது வேண்டாம். கக்கூஸ் தாளைப் பற்றியும் நீளமாக இருக்கும். நாமோ தண்ணீரில் கழுவுகிறவர்கள், டேங்கிக்கு இதைவிட நல்ல பழக்கம் இல்லை. ஆனால் கையில் தூக்கும் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டால், நாலு பேர் குடும்பத்துக்கு 20 லிட்டர் பெட்டி ஒரு நாள் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடிக்கடி காலி செய்யுங்கள். தாள் பயன்படுத்துகிறவர்கள் ஒரு துண்டை மூடி போட்ட போத்தலில் தண்ணீரோடு குலுக்கிப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்தால் போடலாம், முழுசாகவே சுற்றிக்கொண்டிருந்தால் குப்பையில் போடுங்கள். ஈரத் துடைப்பான், பெண்கள் பயன்படுத்தும் நாப்கின், குழந்தை பேம்பர்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. வால்வு பாதியில் சிக்கி வருகிற வண்டிகளில் நான் இழுத்தெடுப்பது பெரும்பாலும் ஈரத் துடைப்பானைத்தான்.

இனி மருந்துக்கு வருகிறேன். நீல நிறத்தில் வரும் பழைய வகை மருந்துகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைட் இருக்கும். அது கிருமியைக் கொல்வதால் நாற்றம் அடங்கும். அதை வீட்டுக் கழிவுத்தொட்டியில் கொட்டினால் அங்கே மலத்தை மட்கவைக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நுண்ணுயிர் அல்லது என்சைம் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ப்ளீச் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உள்ளே சிறுநீர் இருக்கிறது. அதன் அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரமைன் வாயு வரும். அமிலம் கலந்த கக்கூஸ் கிளீனரோடு சேர்ந்தால் வருவது குளோரின். மூடிய வேனுக்குள் இரண்டுமே ஆபத்து.

பல வண்டிகளில் நாற்றம் கருப்புத் தொட்டியிலிருந்து வருவதே இல்லை, சாம்பல் தொட்டியிலிருந்துதான் வருகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம் சமையலை நினைத்துப் பாருங்கள்: தேங்காய்ப்பால் கறி, சம்பால் எண்ணெய், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரத்தில் ஒட்டிய தோசை மாவு. இவை மூடிய தொட்டியில் 30 டிகிரிக்கு மேல் ஒரு நாள் கிடந்தால் என்னவாகும்? மாவுத் தண்ணீர் நொதித்து, எண்ணெய் சுவரில் பாசிபோல் படியும். மீன் கழுவிய தண்ணீர் இருந்தால் கேட்கவே வேண்டாம். தட்டையும் சட்டியையும் பழைய நாளிதழால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். சிங்க்கில் மெல்லிய கண்ணி வடிகட்டி போடுங்கள். இந்தத் தொட்டியை மூன்று நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள்.

தொட்டி சுத்தமாக இருந்தும் நாறினால் மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலாவது சிங்க்குக்குக் கீழே உள்ள வளைகுழாய். அதில் தேங்கும் தண்ணீர்தான் காற்றைத் தடுக்கிறது. வண்டி குலுங்கினாலோ, வாரக்கணக்கில் நின்றாலோ அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் விட்டால் சரியாகும். இரண்டாவது கூரைமேல் உள்ள காற்றுக்குழாய். ரப்பர் மரத்தடியில் நிறுத்தினால் சருகும், வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நின்றால் குளவிக்கூடும் அதை அடைத்துவிடும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. கக்கூஸ் விசிறி ஓடும்போது ஃபிளஷ் செய்தால், அது டேங்கிக் காற்றை நேராக அறைக்குள் இழுக்கும். விசிறியை நிறுத்திவிட்டு ஃபிளஷ் செய்யுங்கள்.

சுவரில் இருக்கும் அளவுகாட்டி விளக்கை அதிகம் நம்ப வேண்டாம். தொட்டியின் பக்கவாட்டில் உள்ள சின்ன உலோக முனைகள் நனைகின்றனவா என்பதை வைத்துத்தான் பெரும்பாலானவை காட்டுகின்றன. அவற்றில் எண்ணெயோ தாளோ ஒட்டினால் காலித் தொட்டியும் நிறைந்ததாகத் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள், அதுதான் சரி.

பார்க்கும்போது முகத்தைத் துளைக்குள் நீட்டாதீர்கள். மலம் காற்றில்லாமல் மட்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் உண்டாகும். முன்னது அழுகிய முட்டை வாசம், காற்றைவிடக் கனமானது. அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். வாசம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் அந்த நேரம்தான் மோசமானது. மீத்தேன் தீப்பிடிக்கும், பக்கத்தில் சிகரெட் கூடாது. வீட்டுக் கழிவுத்தொட்டிக்குள் இறங்கி உயிர்விட்டவர்களும், காப்பாற்றப் போய்ச் சேர்ந்து போனவர்களும் உண்டு. தெரியாதவர்கள் மூடியைத் திறந்து இறங்கவே கூடாது.

எங்கே காலி செய்வது என்பதில்தான் எனக்குக் கோபமே வரும். இருட்டிய பிறகு தோட்ட ஓரமாக நிறுத்தி, லோங்காங்கில் திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மழைநீர்க் கால்வாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊர் லோங்காங் கடைசியில் சேர்வது சுங்கை சிலாங்கூரில். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அது தொழிற்சாலைக் கழிவு. ஒரு வேன் டேங்கி அந்த அளவுக்குச் செய்யாது. ஆனால் 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே புதிய நிலையங்கள் விடும் சுத்திகரித்த நீரில்கூட பிஓடி (அழுக்கு மட்கும்போது நீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சாதாரண வீட்டுக் கழிவுநீரிலேயே அது 200க்கு மேல் இருக்கும். வேன் டேங்கியில் இருப்பது அதைவிடப் பல மடங்கு கெட்டி. மின்மினி பார்க்க வந்தவர்கள் அந்த மின்மினி மரங்கள் நிற்கும் ஆற்றிலேயே அதை விடுவதை என்னவென்று சொல்வது!

கையில் தூக்கும் பெட்டி என்றால் வேலை எளிது. கையுறை போட்டு, வீட்டுக் கக்கூஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நடுநடுவே ஃபிளஷ் செய்யுங்கள். நிரந்தர டேங்கி என்றால், வடிகால் வசதியுள்ள கேரவன் இடத்தைப் பயணத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். கிடைக்கவில்லையா? ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) உரிமம் உள்ள கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். சொந்தக்காரர் வீட்டுக் கழிவுத்தொட்டியில் நூறு லிட்டரை ஒரே மூச்சில் திறந்துவிடாதீர்கள். அங்கே அடியில் சேறு, மேலே ஏடு, நடுவில் தெளிந்த நீர் என்று அடங்கியிருக்கும். திடீர் வேகம் எல்லாவற்றையும் கலக்கி வெளிக்குழாய்க்குத் தள்ளிவிடும். அந்தத் தொட்டியை எப்போது உறிஞ்சினார்கள் என்றும் கேளுங்கள். எங்கள் தாமான்களில் பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறையின் டைல்ஸுக்கு அடியில் மூடி புதைந்திருக்கும் வீடுகள் எத்தனையோ. மூடி எங்கே என்று கேட்டால் அம்மா அடுப்பைக் காட்டுவார்.

காலி செய்யும்போது கருப்பை முதலில் விடுங்கள், சாம்பலைப் பிறகு. சோப்புத் தண்ணீர் ஹோஸை அலசிவிடும். கழுவும் ஹோஸும் குடிநீர் நிரப்பும் ஹோஸும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெட்டியில் இருக்கட்டும். இதில் சோம்பல் பட்டால் டைபாய்டு, மஞ்சள் காமாலை வரை போகலாம்.

வண்டியை அடுத்த விடுமுறை வரை நிறுத்தப்போகிறீர்களா? கருப்பு, சாம்பல் தொட்டிகள் இரண்டையும் அலசி, முழுக்க வடித்துவிடுங்கள். கைப்பெட்டியைக் காயவைத்து, அதன் வாயை மூடும் தகட்டைத் திறந்தபடி வையுங்கள். மூடி வைத்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். ரப்பருக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவாதீர்கள், அதைக் கெடுத்துவிடும். சிலிக்கோன் வகைதான் சரி. கூரைக் காற்றுக்குழாயின் வாயில் மெல்லிய கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள், ஹோஸில் தேங்கிய தண்ணீரை உதறிவிட்டு மாட்டுங்கள். நிற்கும் வண்டியிலும் ஏடிஸ் முட்டையிடும். சுகாதார அதிகாரி வீட்டு வாசலுக்கு வந்தால், பூந்தொட்டித் தட்டைப் பார்த்துவிட்டு வேனுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.