ஆன்டி ஆக்சிடன்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"மாதுளம்பழத் தோலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன, அவற்றை உடல் எளிதில் கிரகித்துக்கொள்கிறது." இந்த வாக்கியம் உடல்நலக் குறிப்புகளில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாதுளை போய் ஆரஞ்சுத் தோல் வரும், ஆரஞ்சு போய் ஆப்பிள் தோல் வரும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். மூலத்தில் ஆன்டி ஆக்சிடன்ட், அதாவது ஆக்சிடேஷன் என்ற வேதிவினையைத் தடுக்கும் பொருள், என்று இருந்ததைத்தான் இப்படி நோய் எதிர்ப்புப் பொருள் ஆக்கியிருக்கிறார்கள். இது மொழிபெயர்ப்பே இல்லை, வேறொரு பொருளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்கிற வேலை. நோய் எதிர்ப்பு என்று நாம் சொல்வது வெள்ளையணுக்களும் அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் கிருமியோடு நடத்தும் சண்டையை. மாதுளம் தோலில் இருப்பது துவர்ப்புத் தரும் டானின் வகைச் சேர்மங்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றாகிவிட்டால், தோல் பொடியைத் தின்றால் காய்ச்சல் வராது என்று ஒருவர் நம்புவதில் என்ன வியப்பு?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1777 வாக்கில் பிரான்சின் வேதியியலாளர் லவோய்சியே ஆக்சிஜனுக்கு அந்தப் பெயரை வைத்தார். கிரேக்கத்தில் 'ஆக்ஸிஸ்' என்றால் புளிப்பு, 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. எல்லா அமிலத்துக்கும் இந்த வாயுதான் காரணம் என்பது அவர் எண்ணம். அது தவறு என்று 1810 வாக்கில் இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டிவிட்டார், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆக்சிடேஷன் என்றால் முதலில் ஆக்சிஜனோடு சேர்வது என்றுதான் பொருள். பிறகு எலக்ட்ரானை இழப்பது என்று பொருள் விரிந்தது. சோடியம் குளோரினில் எரியும்போது ஆக்சிஜன் துளிகூட இல்லை, ஆனாலும் சோடியத்துக்கு நடப்பது ஆக்சிடேஷன்தான். ஆன்டி ஆக்சிடன்ட் என்ற சொல் புழங்கத் தொடங்கியதும் மருத்துவத்தில் அல்ல, தொழிற்சாலையில். ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கவும், எரிபொருள் கெடாமல் இருக்கவும், கொழுப்பு காறிப்போகாமல் இருக்கவும் சேர்த்த பொருள்களுக்கு வைத்த பெயர் அது. இன்றும் எண்ணெய் பாக்கெட்டில் 319 என்ற எண்ணோடு இருப்பது அந்த வகைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் 'நோய் எதிர்ப்பு' என்று எழுதாதவர்கள் பெரும்பாலும் 'ஆக்சிஜன் எதிர்ப்பான்' என்றோ 'எதிர் ஆக்சிஜனேற்றி' என்றோ எழுதுகிறார்கள்.

முதலாவதை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆக்சிஜனை எதிர்ப்பது என்றால் மூச்சுக்கு எதிரி என்றல்லவா ஆகிறது? ஆக்சிடேஷனைத் தமிழில் ஆக்சிஜனேற்றம் என்கிறோம், அதிலிருந்த 'ஏற்றம்' என்ற சொல்லை நீளம் கருதி வெட்டியிருக்கிறார்கள். தடுக்கப்படுவது ஆக்சிஜன் அல்ல, அது செய்யும் வேலை. அந்த வேலையைச் சொல்லும் சொல்லையே வெட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இரண்டாவது கொஞ்சம் படித்தவர்கள் எழுதுவது, அதனால்தான் அதிகம் பரவுகிறது. பாடநூல் தமிழில் ஆக்சிஜனேற்றி என்றால் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள். அதன் முன்னால் 'ஆன்டி'க்குப் பதிலாக 'எதிர்' என்று ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தமிழில் 'எதிர்' அப்படி வேலை செய்வதில்லை. எதிர்க்கட்சியும் ஒரு கட்சிதான். எதிரொலியும் ஒலிதான், எதிர்க்காற்றும் காற்றுதான், எதிர்நீச்சல் போடுகிறவனும் நீந்தத்தான் செய்கிறான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எதிர்' வந்தால், அந்தப் பொருளே மறுபக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். அப்படியானால் எதிர் ஆக்சிஜனேற்றி என்பதும் ஒரு ஆக்சிஜனேற்றிதான்! சொல்ல வந்ததற்கு நேர்மாறான பொருள்.

ஒன்றைக் கெடுக்கிற, தடுக்கிற, விரட்டுகிற பொருளுக்குப் பெயர் வைக்கத் தமிழுக்கு நெடுநாளாக ஒரு வழி இருக்கிறது. எதன்மீது வேலை நடக்கிறதோ அது முன்னால், வேலை பின்னால். பூச்சிக்கொல்லி, நச்சுமுறி, கொசுவிரட்டி. யாரும் எதிர்ப்பூச்சி என்றோ எதிர்க்கொசு என்றோ சொல்வதில்லை. உரக்கடையில் இருக்கிறவருக்கும் தெரிந்த இந்த அமைப்பு மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது? ஆங்கிலத்தில் முன்னொட்டு இருந்தால் தமிழிலும் முன்னொட்டு வேண்டும் என்ற பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

தனித்தமிழ் அன்பர்கள் 'உயிர்வளியேற்றத் தடுப்பி' என்று சொல்வதை மதிக்கிறேன், இலக்கணம் சரியாக இருக்கிறது. ஆனால் உயிர்வளி ஏற்றுவது என்றதும் மருத்துவமனையில் மூச்சுத்திணறும் நோயாளிக்குக் குழாய் வைப்பதுதான் நினைவுக்கு வரும். நேர்மையாகச் சொன்னால் ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லுக்கும் அந்தக் குறை உண்டு. இலங்கைப் பாடநூல்கள் வாயுவுக்கு ஒட்சிசன் என்றும், வினைக்கு ஒட்சியேற்றம் என்றும் பிரித்து வைத்திருப்பது நம்மைவிடத் தெளிவு. வாயுவின் முழுப்பெயர் வினையின் பெயரில் இல்லாததால் அந்தக் குழப்பம் குறைகிறது. தமிழ்நாட்டில் ஆக்சிஜனேற்றம் ஊன்றிவிட்டதால் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' என்பதுதான் என் தேர்வு. தடுப்பான் என்றாலும் சண்டையில்லை, கொல்லி, விரட்டி வரிசையில் தடுப்பி பொருந்துகிறது, அவ்வளவுதான். எண்ணெய்க்கு மட்டும் சொல்வதென்றால் 'காறல்தடுப்பி' இன்னும் நன்றாக இருக்கும், சமையலறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது அந்தக் 'கிரகித்துக்கொள்கிறது'. பாடத்தைக் கிரகிப்பதும் சத்தைக் கிரகிப்பதும் ஒரே சொல்லாக இருக்க வேண்டியதில்லை, குடல் செய்வது உறிஞ்சுதல். இலங்கையில் அகத்துறிஞ்சல் என்பார்கள், அதுவும் அழகு. ஆனால் சொல்லைவிடப் பெரிய பிழை 'எளிதில்' என்பது. ஆரஞ்சுத் தோலின் உள்பக்கத்து வெள்ளைப் பகுதியில் ஹெஸ்பெரிடின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பி நிறைய உண்டு. அதோடு ஒட்டியிருக்கும் இரட்டைச் சர்க்கரையைச் சிறுகுடலால் வெட்ட முடியாது. பெருங்குடல் வரை போய், அங்கிருக்கும் பாக்டீரியா வெட்டிய பிறகுதான் உள்ளே போகிறது, அதனால் ரத்தத்தில் தென்படச் சில மணி நேரம் ஆகிறது. போகிற வழியில் குடல் சுவரும் கல்லீரலும் அதோடு வேறு மூலக்கூறுகளை ஒட்டிவிடுகின்றன. மாதுளம் தோலில் இருக்கும் ப்யூனிகலாஜின் என்ற டானின் முழுசாக ரத்தத்தை எட்டுவதே அரிது. குடல் பாக்டீரியா அதைச் சிதைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக்குகிறது. அந்தப் பாக்டீரியா எல்லார் வயிற்றிலும் ஒரே மாதிரி இல்லாததால் சிலருக்கு யூரோலித்தின் உண்டாவதே இல்லை.

'சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பேச்சுவழக்கு சாப்பிடுவதற்கும் உடலில் சேர்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை அழகாகப் பிடிக்கிறது. இதற்கான 'பயோஅவைலபிலிட்டி' என்ற ஆங்கிலக் கலைச்சொல்லை 'உயிர்க் கிடைப்புத்தன்மை' என்று யாரோ பெயர்த்திருக்கிறார்கள், படித்தால் உயிர் எங்கே கிடைக்கும் என்று தேடத் தோன்றுகிறது. 'உடலில் சேரும் அளவு' என்று எழுதினால் போதாதா?

மொழிபெயர்ப்பாளர்கள் தொலைக்கிற இன்னொன்று, 'சோதனைக்குழாயில்' என்ற சொல். தோல் சாற்றைக் குழாயில் ஊற்றி அளந்த, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலை உடம்புக்குள் நடப்பதாகவே எழுதிவிடுகிறார்கள். அப்படி அளந்த எண்களை வரிசைப்படுத்தி வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, உணவு நிறுவனங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன, உடலில் கிடைக்கும் பயனை அந்த எண்கள் காட்டுவதில்லை என்று சொல்லி 2012இல் பட்டியலையே எடுத்துவிட்டது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்தது. முடிவு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பி. இந்தச் செய்தியை 'நோய் எதிர்ப்புப் பொருள்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் எழுதிப் பாருங்கள், நோய் எதிர்ப்புப் பொருள் கொடுத்ததால் நோய் கூடியது என்றுதான் வரும்.