பயனியர்: காலில் பிறந்த சொல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 அரசு விடுமுறை. 'பயனியர் டே' என்று பெயர். அதைத் தமிழில் எழுதச் சொன்னால் கை தானாகவே 'முன்னோடிகள் தினம்' என்று எழுதிவிடும். தவறில்லை. ஆனால் அந்தச் சொல் நடந்து வந்த வழியையும், அதைப் பெயராகத் தாங்கிய, யூட்டாவில் குடியேறிய மார்மன் என்ற மதச் சபையினர் நடந்து வந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால், முன்னோடி என்ற சொல் எங்கோ ஓர் இடத்தில் கைவிட்டுவிடுகிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். லத்தீனில் 'பெஸ்' என்றால் கால். உருபு ஏற்கும்போது அது 'பெட்' என்று திரியும். அதிலிருந்து பிற்கால லத்தீனில், காலால் நடந்து போகிறவனுக்கு ஒரு சொல் கிளைத்தது. நம் நால்வகைப் படையில் தேர், யானை, குதிரைக்கு அப்புறம் வருகிற 'காலாள்' இருக்கிறானே, அவனேதான். அந்தச் சொல் பிரெஞ்சில் 'பியோனியே' என்று ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் 'பயனியர்' என்று நுழைந்தது. அப்போது அதற்கு ஒரே பொருள்தான். படைக்கு முன்னால் கோடரியும் மண்வெட்டியுமாகப் போய், மரம் வெட்டி, பள்ளம் தூர்த்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி செய்கிற சிப்பாய். 'ஒரு துறையைத் தொடங்கி வைத்தவர்' என்ற கௌரவமான பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை நமக்கு நன்றாகத் தெரிந்தவர். அதே லத்தீன் வேரிலிருந்து போர்த்துகீசிய மொழி வழியாக இந்தியாவுக்கு வந்த சொல்தான் 'பியூன்'. கடிதம் சுமந்து நடந்த ஏவலாள். இன்று அந்தப் பதவியை அலுவலக உதவியாளர் என்கிறோம். சதுரங்கத்தில் முன்வரிசையில் நிற்கிற சிப்பாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள 'பான்' என்ற பெயரும் இதே வேர்தான். பயனியர், பியூன், பான் மூவரும் காலால் பிழைப்பவர்கள்.

படைச் சொல்லாக இது சென்னைக்கும் வந்திருக்கிறது. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே திரட்டிய 'மெட்ராஸ் பயனியர்ஸ்' பிரிவு, பாதை வெட்டுவதற்கும் அரண் கட்டுவதற்கும் சேர்க்கப்பட்ட ஆட்கள். இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவான இன்றைய மெட்ராஸ் சேப்பர்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, யூட்டாவுக்குப் போவோம். மார்மன் சபையை 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கினார். எங்கே குடியேறினாலும் அக்கம்பக்கத்தாரோடு மோதல் மூண்டது. 1844இல் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. அதன்பின் மக்களை வழிநடத்தியவர் பிரிகாம் யங். வெர்மாண்டில் 1801இல் பிறந்தவர், தொழிலால் தச்சர். 1846 பிப்ரவரிக் குளிரில், இல்லினாயில் தாங்கள் குடியிருந்த நாவூ நகரை விட்டு அவர்கள் மிசிசிப்பி ஆற்றைக் கடந்தார்கள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் அந்தச் சொல்லின் பழைய பொருளை அப்படியே உயிர்ப்பிக்கிறது. அயோவாவில் கார்டன் குரோவ், மவுன்ட் பிஸ்கா ஆகிய இடங்களில் முன்னால் போனவர்கள் நிலத்தைத் திருத்தி விதைத்துவிட்டுப் போனார்கள். அறுவடை அவர்களுக்கில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு. 1847 ஏப்ரலில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்ட முதல் அணியில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள். இந்த அணிக்கு நம் பழஞ்சொல் ஒன்று அச்சாகப் பொருந்தும்: தூசிப்படை, அதாவது முன்னணியில் செல்லும் படை. வழி நெடுக வில்லியம் கிளேட்டன் என்பவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் சிவப்புத் துணியைக் கட்டி, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தார். 360 சுற்று ஒரு மைல். நாள் முழுக்க எண்ணுவது தாங்காமல்தான் பிறகு மரப் பல்சக்கரத்தில் ஒரு தூரமானி செய்தார்கள். அந்தக் கணக்கை அவர் மறு ஆண்டே வழிகாட்டி நூலாக வெளியிட்டார்.

மலைப்பகுதியை நெருங்கும்போது யங் காய்ச்சலில் விழுந்தார். ஆர்சன் பிராட் தலைமையில் ஒரு பிரிவு முன்னே போய், யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் பாதையைச் சீர்செய்தது. ஜூலை 23 அன்றே அவர்கள் உழத் தொடங்கிவிட்டார்கள். மண் காய்ந்து இறுகிக் கிடந்ததால் ஓடையை மறித்து நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தலைவர் வண்டியில் படுத்தபடி வந்து சேர்ந்தது மறுநாள், ஜூலை 24. விடுமுறை அந்த நாளுக்குத்தான். யங்கின் திட்டமிடும் திறனை நான் குறைக்கவில்லை. 1877இல் இறப்பதற்குள் ஏறக்குறைய 350 ஊர்கள் அவர் காலத்தில் எழுந்தன. ஆனாலும் அந்தச் சொல்லின் முழு எடையை அந்த வாரத்தில் சுமந்தவர்கள் கோடரி பிடித்தவர்கள். அந்த முதல் அணியில் கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்ற மூன்று கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள்.

எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே நினைவுக்கு வருகிறவர் வேறொருவர்: ஜேன் மேனிங் ஜேம்ஸ். கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த சுதந்திரமான கறுப்பினப் பெண். 1843இல் சபையினரோடு சேர்ந்து வாழக் குடும்பத்துடன் கிளம்பினார். பஃபலோ நகரில் படகில் ஏற முடியாமல் போகவே, அங்கிருந்து நாவூ வரை சுமார் 800 மைல் நடந்தார்கள். செருப்பு தேய்ந்தது. கால் வெடித்தது. தரையில் முழுப் பாதமும் ரத்தத் தடமாகப் பதிந்தது என்று முதுமையில் சொல்லி எழுத வைத்திருக்கிறார். லத்தீன் வேரில் வெறும் 'கால்' என்று கிடக்கிற சொல்லுக்கு இதைவிட உண்மையான உரை எனக்குத் தெரியாது.

1847 செப்டம்பரில் கணவர் ஐசக்கோடும் பிள்ளைகளோடும் அவர் பள்ளத்தாக்குக்கு வந்தார். உணவுப் பஞ்சம் இருந்த 1849இல், கணவர் ஊரில் இல்லாத எலைசா லைமன் என்ற அண்டைப் பெண்ணுக்கு இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார். ஜேனிடம் இருந்ததில் ஏறக்குறைய பாதி அது. வாங்கியவரே நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. இப்படிப்பட்டவருக்குச் சபைக் கோயிலின் முக்கியச் சடங்குகள் மறுக்கப்பட்டன, நிறத்தால். பலமுறை கேட்டார். 1894இல், ஜோசப் ஸ்மித் குடும்பத்தின் பணியாளாக மட்டும் அவரைப் பிணைக்கும் ஒரு சடங்கு நடந்தது. அதிலும் அவருக்குப் பதிலாக வேறொருவர் நின்றார். 1908இல் இறந்தார். கறுப்பினத்தவர் மீதான தடையைச் சபை நீக்கியது 1978இல்.

யூட்டாவில் பயனியர் என்ற சொல்லுக்குக் கால எல்லையும் உண்டு. யூட்டா பயனியர்களின் மகள்கள் என்ற அமைப்பில் சேர, மூதாதை ஒருவர் 1869 மே 10க்குள் அங்கே வந்திருக்க வேண்டும். கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை முழுமையான நாள் அது. அதற்கு முன் மாட்டுவண்டியிலும், 1856 முதல் 1860 வரை கைவண்டி இழுத்தும் வந்தவர்கள் உட்பட சுமார் 70,000 பேர் பயனியர்கள். ரயிலில் வந்தவர் பயனியர் அல்ல.

இப்போது தமிழுக்கு வருவோம். 'முன்னோடி' நல்ல, பழகிய சொல். ஊர் எல்லையில் முன்னோடிக் கருப்பு நிற்கிறார். வங்கியில் முன்னோடி வங்கி, வேளாண் துறையில் முன்னோடி விவசாயி. ஆனால் அது முன்னே ஓடியதைத்தான் சொல்கிறது, வழி செய்ததைச் சொல்லவில்லை. ஓடி முடித்தவருக்குப் பின்னால் பாதை இருக்குமா இல்லையா என்று அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை. தவிர, யூட்டாவில் 'முதலில் வந்தவர்கள்' என்ற தொனியும் அதில் ஏறிவிடுகிறது. யூட், ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்கள் அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மாநிலத்தின் பெயரே யூட் மக்களிடமிருந்து வந்தது. 'முதற்குடியேறி' என்று எழுதினால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகிவிடும். 'காலாள்' வேருக்கு மிக நெருக்கம், ஆனால் படையை விட்டு வெளியே வராது.

எனக்குச் சரியாகப் படுவது 'வழிகோலி'. வழிகோலுதல் என்று பேச்சிலும் எழுத்திலும் இருக்கிற வினையிலிருந்து எடுத்தது. பன்மையில் வழிகோலியர். அறிவியலிலோ கலையிலோ புதிதாக ஒன்றைத் தொடங்கியவருக்கு முன்னோடி அப்படியே இருக்கட்டும். ஓடையை மறித்தவர்கள், அடுத்தவர் அறுக்க விதைத்தவர்கள், இருந்த மாவில் பாதியைக் கொடுத்த ஜேன் ஆகியோரைப் பற்றி எழுதும்போது வழிகோலி என்று எழுதலாம். ஜூலை 24, வழிகோலியர் நாள்.